பரமக்குடிக்கு 20 மாதம் எம்.எல்.ஏ. இல்லை: இடைத்தேர்தல் எப்போது வரும், எப்போது வராது?

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி விசைப்படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. ராமநாதபுரம் மக்களவைத் தொகுதி முழுக்க அன்று வாக்குப்பதிவு. கீழக்கரையில் ஓட்டுப் போட்டவர் ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தார். பாம்பனிலும் சாயல்குடியிலும் அப்படித்தான். பரமக்குடி சட்டமன்றத் தொகுதிக்காரர்களுக்கு மட்டும் வாக்குச்சாவடிக்குள் இரண்டு இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்தன. டெல்லிக்கு ஆள் அனுப்ப ஒன்று, சென்னைக் கோட்டைக்கு ஆள் அனுப்ப இன்னொன்று.

அந்த இரண்டாவது இயந்திரம் வந்து சேர்வதற்குள் 19 மாதம் ஓடியிருந்தது. 2017 செப்டம்பர் 18 அன்று பரமக்குடி உறுப்பினர் எஸ்.முத்தையா தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 2019 மே 23 அன்று வாக்குகளை எண்ணி அ.தி.மு.க.வின் என்.சதன் பிரபாகர் வென்றார் என்று அறிவிக்கும்வரை, மொத்தம் 20 மாதம், அந்தத் தொகுதிக்குப் பேரவையில் ஆள் கிடையாது. காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். சட்டம் இருந்தும் 20 மாதம் எப்படி ஆனது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், ஐந்தாண்டுப் பதவிக்காலத்தின் நடுவே ஓர் உறுப்பினர் எப்படியெல்லாம் போகிறார், அடுத்தவர் எப்படி வருகிறார் என்ற முழுக் கதையும் வந்துவிடுகிறது. இதை நாம் பெரும்பாலும் கட்சிகளின் கணக்காகவே பேசுகிறோம்: ஆட்சி கவிழுமா, நிற்குமா, யாருக்கு எத்தனை இடம். ஓட்டுப் போட்டவர்களின் கணக்கு வேறு. எங்களுக்காகப் பேச அனுப்பிய ஆள் எங்கே, எப்போது இன்னொருவரை அனுப்பலாம் என்பதே அவர்கள் கணக்கு. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடங்களை எங்கள் மாவட்டம் 1950களிலிருந்தே பார்த்துவருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2019 ஆகஸ்டில் ராமநாதபுரம் எம்.எல்.ஏ.வாக இருந்த எம்.மணிகண்டன் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த வாரம் கீழக்கரையில் ஒரு டீக்கடையில் இளைஞர் ஒருவர் பெரியவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது: “காக்கா, மந்திரி பதவி போயிருச்சே, அப்ப நமக்கும் பரமக்குடி மாதிரி இடைத்தேர்தல் வருமா?” வராது. அமைச்சர் பதவி முதலமைச்சரின் பரிந்துரையில் ஆளுநர் தருவது. உறுப்பினர் பதவி வாக்காளர் தந்தது. முன்னதை எடுத்துக்கொண்டாலும் பின்னது அப்படியே இருக்கும். மணிகண்டனும் 2021 வரை எம்.எல்.ஏ.வாகவே இருந்தார். கட்சியிலிருந்து நீக்கினாலும் அது மட்டும் இடத்தைக் காலியாக்கிவிடாது.

அப்படியானால் எது காலியாக்கும்? மரணம் காலியாக்கும். ராஜினாமா காலியாக்கும். குற்ற வழக்கில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் காலியாகும். கட்சித் தாவல் தடைச் சட்டம் காலியாக்கும். தேர்தல் வழக்கில் உயர் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாது என்று சொன்னாலும் காலியாகும். அனுமதி பெறாமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராவிட்டால் அந்த இடம் காலி என்று பேரவை அறிவிக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 190ஆவது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. இவற்றில் மரணத்துக்கு மட்டும்தான் நாள் குறிப்பதில் யாருக்கும் கையில்லை. மற்ற எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார். எப்போது எடுக்கிறார் என்பதையும் அவரே முடிவு செய்கிறார்.

மரணத்தால் வரும் தேர்தல் பெரும்பாலும் விரைவாக நடந்துவிடுகிறது. ஈரோடு கிழக்கில் திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4 அன்று மறைந்தார். பிப்ரவரி 27 அன்றே வாக்குப்பதிவு. அந்த இடத்தில் வென்ற அவர் தந்தை ஈ.வெ.கி.ச.இளங்கோவன் 2024 டிசம்பர் 14 அன்று மறைந்தார். 2025 பிப்ரவரி 5 அன்று மறுபடியும் வாக்குப்பதிவு. இரண்டு முறையும் இரண்டு மாதத்துக்குள். ஒரே பேரவைக்கு ஒரே தொகுதி மக்கள் மூன்று முறை ஆள் அனுப்பினார்கள். முடியும் என்றால் இவ்வளவு வேகமாக முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பரமக்குடிக்கு வருவோம்.

பரமக்குடியின் 20 மாதம்

2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு பேரவையில் நம்பிக்கை வாக்குக் கோரியது. ஆதரவு 122, எதிர்ப்பு 11. ஆகஸ்டில் அ.தி.மு.க.வின் பழனிசாமி, ஓ.பன்னீர்செல்வம் அணிகள் இணைந்ததும், டி.டி.வி.தினகரன் பக்கம் நின்ற 19 உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சருக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பி வந்தார். மீதி 18 பேரைப் பேரவைத் தலைவர் ப.தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். அந்த 18 பேரில் ஒருவர்தான் முத்தையா.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசியல் சட்டத்தில் 1985இல் 52ஆவது திருத்தத்தால் வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், இரண்டு காரணங்களுக்காக உறுப்பினரை நீக்கலாம் என்கிறது. கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தல் ஒன்று. தானாகவே கட்சி உறுப்பினர் பதவியை விட்டுவிடுதல் இன்னொன்று. இந்த 18 பேர் பேரவையில் கட்சிக்கு எதிராக வாக்களிக்கவில்லை. வேறு கட்சியில் சேரவுமில்லை. ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததே கட்சியைத் தானாக விட்டுப் போனதற்குச் சமம் என்று பேரவைத் தலைவர் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த ஓ.பன்னீர்செல்வம் அணியின் 11 பேர் மீது அப்படி எந்த நடவடிக்கையும் வரவில்லை. கடிதம் கொடுத்தவர்கள் வெளியே, எதிர்த்து வாக்களித்தவர்கள் உள்ளே. சட்டத்தின் எழுத்தை வைத்து இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்த வாக்காளருக்கும் அது நியாயமாகப் படாது என்றே நான் நினைக்கிறேன்.

பேரவையின் மொத்த பலம் 234. அப்போது ஜெயலலிதா மறைவால் ஆர்.கே.நகரும் காலி. 18 பேர் போனதும் பலம் 215 ஆனது. அறுதிப் பெரும்பான்மைக்குத் தேவையான எண் 118இலிருந்து 108க்கு இறங்கியது. காலியிடங்கள் இருந்தாலும் பேரவை நடக்கலாம், அது எடுக்கும் முடிவுகள் செல்லும் என்கிறது 189ஆவது பிரிவு. பேரவையைப் பொறுத்தவரை 18 தொகுதிகள் ஆளில்லாமல் கிடப்பதால் எதுவும் நின்றுவிடுவதில்லை. நின்றுபோவது அந்தத் தொகுதிகளின் குரல் மட்டும்தான்.

18 பேரும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். பேரவைத் தலைவரின் தகுதி நீக்க முடிவும் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1992இலேயே சொல்லியிருந்ததால் அந்தக் கதவு திறந்திருந்தது. அடுத்த உத்தரவு வரும்வரை இந்தத் தொகுதிகளுக்குத் தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. இதில் தவறு சொல்ல முடியாது. நாளை இவர்கள் வழக்கில் ஜெயித்து வந்தால் ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ. ஆகிவிடும். ஆனால் அந்த உத்தரவோடு ஆறு மாதக் கெடு என்ற பேச்சே நின்றுபோனது. 2018 ஜூன் 14 அன்று தீர்ப்பு வந்தது. இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதியாக எம்.சத்தியநாராயணன் வழக்கைக் கேட்டு, அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். மேல்முறையீடு இல்லை என்று உறுப்பினர்கள் முடிவெடுத்தார்கள். அதன் பிறகும் உடனே தேர்தல் வரவில்லை. மக்களவைத் தேர்தலோடு சேர்த்து 2019 ஏப்ரலில்தான் வந்தது.

மொத்தம் 22 இடங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் வாக்குப்பதிவு நடந்தது. தி.மு.க. 13, அ.தி.மு.க. 9. இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்ற பழைய நம்பிக்கையை அந்த 13 உடைத்தது. ஆனால் ஆட்சி நிலைக்க அந்த 9 போதுமாக இருந்தது. தினகரனின் அ.ம.மு.க. சார்பில் நின்றவர்களில் ஒருவரும் வெல்லவில்லை.

பரமக்குடிக்கு வந்த புதிய உறுப்பினருக்கு ஐந்தாண்டு கிடையாது. இடைத்தேர்தலில் வருகிறவர் முந்தையவர் விட்டுப்போன மிச்சக் காலத்துக்கு மட்டும்தான். சதன் பிரபாகருக்குக் கிடைத்தது 2021 மே வரை, இரண்டு ஆண்டுக்கும் குறைவு. அதிலும் பின்பாதி கொரோனா ஊரடங்கில் போனது. அந்தப் பேரவையின் ஐந்து ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலம் பரமக்குடிக்கு ஆளே இல்லை.

யாருடைய சின்னம், அவருடைய ஆள்

எங்கள் கரையோரத்தின் இன்னொரு தொகுதியான திருவாடானை அதே பேரவையில் வேறொரு பாடத்தைக் காட்டியது. 2016இல் அங்கே வென்ற கருணாஸ் தனிக் கட்சியின் தலைவர். ஆனால் நின்றது அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னத்தில். கூட்டணிக் கட்சி என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம். எந்தக் கட்சி நிறுத்தி வென்றாரோ அந்தக் கட்சி உறுப்பினர் என்றுதான் பத்தாவது அட்டவணை எடுத்துக்கொள்ளும். கொறடா உத்தரவு அவரையும் கட்டும். சிறு கட்சிகள் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கும்போது இந்த விலையையும் சேர்த்தே கொடுக்கின்றன. வேட்பாளர் அறிமுகக் கூட்டங்களில் இதை யாரும் வாக்காளரிடம் விளக்கி நான் கேட்டதில்லை.

சுயேச்சைக்கு விதி வேறு. வென்ற பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும். முன்பெல்லாம் ஒரு கட்சியின் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஒன்றாகப் பிரிந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்தால் மட்டுமே தப்பலாம்.

அதனால்தான் கட்சி மாற நினைக்கும் உறுப்பினர்கள் பெரும்பாலும் முதலில் ராஜினாமா செய்துவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் விளவங்கோடு எஸ்.விஜயதரணியும் கட்சி மாறியபோது பதவியை ராஜினாமா செய்தார். எங்களுக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது இளையான்குடி. பரமக்குடிக்கு அந்தப் பக்கம், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் ஊர். 2006இல் அங்கே தி.மு.க. சார்பில் வென்ற ராஜகண்ணப்பன் 2009இல் பதவியை விட்டு அ.தி.மு.க.வுக்குப் போய், சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ப.சிதம்பரத்தை எதிர்த்து நின்று, 3,354 வாக்கில் தோற்றார். இளையான்குடிக்கு அந்த ஆகஸ்டில் இடைத்தேர்தல். அ.தி.மு.க. அதைப் புறக்கணித்தது, தி.மு.க.வின் சுப.மதியரசன் வென்றார்.

இளையான்குடியில் அப்போது யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருந்தது. 2008இல் தொகுதி எல்லைகளை மாற்றிய மறுவரையறையில் இளையான்குடி என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போயிருந்தது. 2009 மே மாத மக்களவைத் தேர்தல் புதிய எல்லைகளில் நடந்தது. ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலோ பழைய எல்லைகளில், இல்லாமல் போகப்போகும் ஒரு தொகுதிக்கு. காரணம் எளிது: 2006 பேரவை எந்த வரைபடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அந்த வரைபடத்தில்தான் அதன் காலியிடமும் நிரப்பப்படும். கடலாடியும் அதே மறுவரையறையில்தான் தொகுதி என்ற பெயரை இழந்தது. சாயல்குடி, மூக்கையூர்ப் பக்கத்துக் கடற்கரை இப்போது முதுகுளத்தூரோடு இருக்கிறது. இளையான்குடியை 2009இல் விட்டுப்போன ராஜகண்ணப்பன் மீண்டும் தி.மு.க.வுக்கு வந்து, 2021இல் வென்று அமைச்சரானது இந்த முதுகுளத்தூரிலிருந்துதான்.

ஒருவர் இரண்டு இடத்தில் வென்றால்

முதுகுளத்தூர் என்றதும் 1957ஐப் பேசாமல் போக முடியாது. அப்போதைய ராமநாதபுரம் மாவட்டம் இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களையும் சேர்த்த பெரிய மாவட்டம், 1985இல்தான் மூன்றானது. 1952 பொதுத்தேர்தலில் பார்வர்டு பிளாக் தலைவர் உ.முத்துராமலிங்கத் தேவர் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். மக்களவை இடத்தை விட்டுவிட்டு முதுகுளத்தூரை வைத்துக்கொண்டார். 1957இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூரிலும் வென்றார். இந்த முறை முதுகுளத்தூரை விட்டார்.

இரண்டு அவைகளிலும் ஒருவர் உட்கார முடியாது என்பது 101ஆவது பிரிவு. முடிவெடுக்க அரசிதழில் வெளியான நாளிலிருந்து 14 நாள். அதற்குள் மாநில இடத்தை விடாவிட்டால் தானாகக் காலியாவது நாடாளுமன்ற இடம். எம்.எல்.ஏ. ஒருவர் எம்.பி. ஆனால் எதை விடுவது என்று அவரே தேர்ந்தெடுக்கிறார். அதன் செலவைத் தொகுதி ஏற்கிறது. 2019இல் நாங்குநேரிக்கு இடைத்தேர்தல் வந்ததும் இப்படித்தான்; அங்கே எம்.எல்.ஏ.வாக இருந்த எச்.வசந்தகுமார் கன்னியாகுமரி எம்.பி. ஆனார்.

1957 ஜூலை 1 அன்று முதுகுளத்தூர் இடைத்தேர்தல் நடந்தது. பார்வர்டு பிளாக் சார்பில் சசிவர்ணத் தேவர் வென்றார். அதன் பின் வந்த மாதங்கள் இந்த மாவட்டத்தின் நெஞ்சில் இன்னும் ஆறாமல் இருக்கின்றன. ஊர் ஊராகச் சாதி மோதல் பரவியது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் அமைதிக் கூட்டம் கூட்டினார். மறுநாள் இரவு பரமக்குடியில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 14ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். பகை அந்தத் தேர்தலில் பிறந்ததல்ல. நிலம், கிணறு, தெருவில் நடக்கும் உரிமை, நிமிர்ந்து பேசும் உரிமை என்று எல்லாவற்றிலும் தலைமுறைகளாக மக்களை ஒடுக்கிவந்ததில் அது வேரூன்றியது. ஆனால் பொதுத்தேர்தலின் சூடு ஆறுவதற்குள், அதே ஊர்களில், இந்த ஒரு தொகுதிக்காக மட்டும் இரண்டாவது முறை அணி திரட்டியதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பொதுத்தேர்தலில் போலீசும் பத்திரிகையும் கட்சிகளும் மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கும். இடைத்தேர்தலில் மொத்த பலமும் ஒரே தொகுதிக்குள் வந்து குவியும். 2009 ஜனவரித் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு வாக்குக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல் பிறந்ததும், 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரால் ஆர்.கே.நகர் தேர்தலையே ஆணையம் ரத்து செய்ததும் அதே குவிப்பின் இன்றைய வடிவம்.

தேர்தல் ஆணையம் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் பரிந்துரைகளில் ஒன்று, ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே நிற்க வேண்டும் என்பது. 1996க்கு முன் எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று இருந்தது; இப்போது உச்ச வரம்பு இரண்டு. அதை ஒன்றாக்கினால் யாருக்கும் நட்டமில்லை என்பதே என் கருத்து.

ஆறு மாதக் கெடுவும் அதன் ஓட்டைகளும்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151ஏ என்ற பிரிவு 1996இல்தான் சேர்ந்தது. இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். கூடவே இரண்டு விலக்குகள். மிச்சமிருக்கும் பதவிக்காலம் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்துகொண்டு ஆணையம் சான்று தந்தாலும் தள்ளிப்போகலாம்.

முதல் விலக்கு நியாயமானது. வால்பாறையின் டி.கே.அமுல்கந்தசாமி 2025 ஜூனில் மறைந்தபோது பேரவைக்கு ஒரு வருடம்கூட மிச்சமில்லை. அங்கே தேர்தல் நடக்கவில்லை. இரண்டாவது விலக்குக்குக் கொரோனா பெரிய உதாரணம். 2020 பிப்ரவரி கடைசியில் இரண்டு நாளுக்குள் திருவொற்றியூர், குடியாத்தம் உறுப்பினர்கள் மறைந்தார்கள். பதவிக்காலம் ஒரு வருடத்துக்கு மேல் மிச்சமிருந்தது. தொற்று வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021 பொதுத்தேர்தல் வரை அந்த இடங்கள் காலி. கருணாநிதி மறைவால் காலியான திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 என்று தேதி குறித்துவிட்டு, கஜா புயல் நிவாரணம் முடியாததால் ரத்து செய்தார்கள். புயலில் கூரை போனவர்கள் வரிசையில் நிற்கும்போது தேர்தல் வேண்டாம் என்று கட்சிகளும் மக்களும் சொன்னதைக் கரையோரத்தில் இருக்கிறவர்களால் புரிந்துகொள்ள முடியும்.

எனக்குக் கவலை தருவது சட்டத்தில் எழுதாத மூன்றாவது ஓட்டை: காலியா இல்லையா என்று முடிவாகாத காலம். தண்டனை விஷயத்தில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் லில்லி தாமஸ் வழக்கில் ஒரு தெளிவைக் கொண்டுவந்தது. மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரும் சலுகை போனது. தண்டனை வந்த நாளே பதவி போகும். 2014இல் ஸ்ரீரங்கமும் 2019இல் ஓசூரும் அப்படித்தான் காலியாயின. ஆனால் தண்டனைக்குத் தடை கிடைத்தால் பதவி திரும்ப வரும். க.பொன்முடியின் திருக்கோவிலூர் காலி என்று அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்ததும் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இங்கே முன்னும் பின்னும் சில மாதங்களில் முடிந்துவிட்டது.

கட்சித் தாவல் விஷயத்தில் அந்தத் தெளிவு இல்லை. பேரவைத் தலைவர் எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று பத்தாவது அட்டவணையில் ஒரு சொல்கூட இல்லை. 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அசாதாரணச் சூழல் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. இந்த அதிகாரம் ஒரு கட்சிக்காரரான பேரவைத் தலைவரிடமே இருக்கலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. பேரவைத் தலைவருக்கு மூன்று மாதம் என்றால், அதை எதிர்த்து வரும் வழக்குக்கும், தேர்தலுக்குத் தடை நிற்கும் காலத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு பரமக்குடி எந்த ஆட்சியிலும் நடக்கும்.

தேர்தல் வந்தாலும் கரையோரத்துக்கு ஒரு விலை உண்டு. மாநகராட்சி அல்லாத பகுதிகளில் ஒரு தொகுதிக்கு இடைத்தேர்தல் அறிவித்தால் தேர்தல் நடத்தை விதிகள் அந்த மாவட்டம் முழுக்க வரும். மாவட்டத்தில் நான்கே தொகுதி: பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர். உள்நாட்டில் இருக்கும் பரமக்குடிக்கு மட்டும் தேர்தல் என்றாலும் மூக்கையூரிலிருந்து தொண்டி வரை புதிய திட்டம் எதையும் அறிவிக்க முடியாது. நடந்துகொண்டிருக்கும் வேலை நிற்காது என்றாலும், மீன் இறங்குதளமோ கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவோ கேட்டுக் காத்திருக்கிறவர்கள் இன்னும் சில வாரம் காத்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் முடியும் ஈரோடு போன்ற தேர்தலுக்கு இந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இடைத்தேர்தலே வேண்டாம், கட்சியே ஒருவரை நியமித்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி ஒரு முறை தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில் விகிதாசாரப் பட்டியல் முறை. உறுப்பினர் ஒருவர் விலகினாலோ மறைந்தாலோ அதே கட்சிப் பட்டியலில் அடுத்து அதிக விருப்பு வாக்கு பெற்றவர் வந்து உட்காருவார். 2013 செப்டம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட வட மாகாண சபையின் 38 இடங்களில் 30ஐப் பிடித்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, தனக்குக் கிடைத்த இரண்டு போனஸ் இடங்களில் ஒன்றைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்ள முடிவு செய்தது. இடம் ஒருநாளும் நீண்டகாலம் காலியாகக் கிடக்காது. ஆனால் வாக்காளரிடம் யாரும் திரும்பி வந்து கேட்பதும் இல்லை. அங்கே கடைசியாகப் பெரிய அளவில் இடைத்தேர்தல் நடந்தது 1983 மே மாதம், 18 நாடாளுமன்றத் தொகுதிகளில். அதற்கு முன்பே ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை ஜனாதிபதி ஜெயவர்தனா வாங்கி வைத்திருந்தார். வட மாகாண சபையின் காலமோ 2018 அக்டோபரில் முடிந்தது; பிறகு ஆண்டுக்கணக்காகச் சபைக்கே தேர்தல் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர்களோடு பேசும்போது, ஒரு தொகுதிக்கு 20 மாதம் ஆளில்லை என்று நான் குறைப்பட்டால் அவர்கள் மெல்லத் தலையாட்டுவார்கள்.

இருந்தாலும் குறைப்படுவேன். 2018 மார்ச்சில் பட்ஜெட் வைத்து, அதன் பின் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் பேரவையில் விவாதிக்கப்பட்டன. கைத்தறித் துறையின் கோரிக்கையும் அதில் உண்டு. பரமக்குடியும் எமனேசுவரமும் தறிச் சத்தத்தில் விழிக்கும் ஊர்கள். நூல் விலை, கூலி, தள்ளுபடிப் பாக்கி என்று கேட்க அவர்களுக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்; அதற்கு ரசீதும் தருவார்கள். பக்கத்துத் தொகுதி உறுப்பினரைப் பார்த்தும் சொல்லலாம். அந்த ஆண்டு கைத்தறி அமைச்சர் பதிலளிக்க எழுந்தபோது, பரமக்குடியின் இருக்கையிலிருந்து கேள்வி கேட்டு உட்கார்ந்தவர் எவரும் இல்லை.